படகின் மேல் என் பெயர்

என் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஏற்கெனவே ஓரிடத்தில் எழுதி வைத்து அது பட்ட பாடு போதும். மற்றவர்கள் பெயரும் வராது. அவர்களைத் தேடிப் போய், உங்களைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

நாங்கள் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்கள். அப்பாவுக்கு அணு ஆராய்ச்சி அலுவலகம் ஒன்றில் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்கிற வரைக்கும் புதுப்பட்டினத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்த ஒரு தனியார் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். கேளம்பாக்கத்து அடுக்குமாடிகளிலிருந்து ஒரு வேன் வரும், எங்கள் பக்கத்திலிருந்து ஒரு வேன் வரும். வேனில் யார் எந்த சீட்டில் உட்காரலாம் என்பதிலிருந்து யார் யாரோடு சாப்பிடலாம் என்பது வரைக்கும் அந்தப் பள்ளியில் எல்லாம் எப்போதோ தீர்மானமாகி இருந்தது. வேனின் கடைசி சீட்டு பெரிய மனிதர்களுக்கு. நான் டிரைவருக்குப் பின்னால், ஆறாம் வகுப்புப் பொடிசுகளின் தண்ணீர் பாட்டில்களுக்கு நடுவே.

அப்படியே இருந்திருக்கலாம். எனக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை. காலாண்டுத் தேர்வு முடிந்த வாரம், கேளம்பாக்கம் வேனில் வரும் ஒரு அழகன் மீது ஆசைப்பட்டு அவனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். ‘உங்களை எனக்குப் பிடிக்கும். உங்களுக்கு என்னைப் பிடிக்குமா?’ எங்கள் ஊரில் பழகாத பையனை நீங்கள் என்றுதான் கூப்பிடுவோம். அவன் அதைப் படம் பிடித்து வகுப்பு குரூப்பில் போட்டுவிட்டான். மறுநாள் காலை நான் வேனில் ஏறியதும் கடைசி சீட்டிலிருந்து ஒரு குரல், “நீங்க வந்துட்டாங்கடா, எழுந்திரிங்க” என்றது. மொத்த வேனும் எழுந்து நின்று எனக்கு வணக்கம் வைத்தது. டிரைவர் அண்ணன்கூடக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

அன்றிலிருந்து என் பெயரே ‘நீங்க’ ஆகிவிட்டது. ஒன்றரை மாதம். தினமும் ராத்திரி படுக்கும்போது நாளைக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். எனக்கு இரும்பு உடம்பு, வராது.

என்னோடு வேதியியல் ஆய்வகத்தில் ஒரே மேசையில் நின்றவன் குப்பத்துப் பையன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கிற ஒரு குப்பம். அங்கிருந்து எங்கள் பள்ளிக்கு வந்த ஒரே ஆள். வாலிபால் நன்றாக ஆடுவான் என்று பள்ளிக்கூடமே கூப்பிட்டு சீட்டு கொடுத்திருந்தது. ஆறடிக்குப் பக்கமாக வளர்ந்தவனுக்கு நெத்திலி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவன் டிபன் பாக்ஸைத் திறந்தால் முன் பெஞ்சு, பின் பெஞ்சு எல்லாம் மூக்கைப் பொத்தும். ஆய்வகத்தில் அழுகிய முட்டை வாடை வரும் வாயுவைத் தயாரித்தபோது, “சோதனைக் குழாயா, நெத்திலியா?” என்று யாரோ கேட்டார்கள். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. வேனில் நான் சிரித்த அதே சிரிப்பு.

அன்றைக்கே கேட்டேன். “நாம ரெண்டு பேரும் லவ் பண்றோம்னு எல்லாரையும் நம்ப வச்சா என்ன?”

அவன் பர்னரை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தான். “இன்னா, தல சுத்துதா உனக்கு? வாயு மூக்குல ஏறிக்கிச்சா?”

“சும்மா நடிப்புதான். டீம்ல நல்லா ஆடுற பையன் என் ஆளுன்னா என்னைய யாரும் கிண்டல் பண்ண மாட்டாங்க. என்னைய மாதிரி ஒரு பொண்ணு உன் கூட இருந்தா உன்னையும் நெத்திலின்னு கூப்பிட மாட்டாங்க.”

‘என்னைய மாதிரி ஒரு பொண்ணு’ என்று நான் சொன்னதன் அர்த்தம் அவனுக்கு அப்போதே புரிந்திருக்கும். எனக்குத்தான் பல வருடம் கழித்துப் புரிந்தது. அவன் ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சரி என்றான்.

ரஃப் நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து நான் சட்டம் எழுதினேன். இடைவேளையில் புங்கை மரத்தடியில் பத்து நிமிடம் சேர்ந்து நிற்பது. வாரத்துக்கு ஒரு முறை போனில் சேர்ந்து ஒரு ஸ்டோரி போடுவது. தொடக்கூடாது. வீட்டுக்குத் தெரியக்கூடாது. முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் சண்டை போட்டதுபோலப் பிரிந்துவிடுவது. கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அவன்தான் அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டான். “நாளைக்கு நீ நெஜமாவே லவ்வுன்னு சொல்லி என்னான்ட வந்து அழுதீன்னா காட்டணுமில்ல” என்றான்.

நான் நினைத்ததைவிட வேகமாக வேலை செய்தது. ஒரே வாரத்தில் ‘நீங்க’ காணாமல் போனது. இரண்டாம் வாரம் கடைசி சீட்டிலிருந்த பெண்கள் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார்கள். அவர்களுக்குத் தலைவி ஒருத்தி, குவார்ட்டர்ஸ்காரி; அவள் சிரித்தால்தான் மற்றவர்கள் சிரிப்பார்கள். அவளே என் தலையைப் பின்னிவிட்டு, “உன் ஆளு செம ஹைட்டுடி” என்றாள். அந்த ஒரு வாக்கியத்தை நான் இரண்டு நாள் மனதுக்குள் மென்றுகொண்டிருந்தேன். அவனையும் டீம் பையன்கள் சாப்பாட்டுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். டிபன் பாக்ஸில் இருந்த வஞ்சிரம் வறுவல் திடீரென்று எல்லோருக்கும் மணத்தது.

காதலிக்கத்தான் எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. மரத்தடியில் நின்று என்ன பேசுவது என்று தெரியாமல் தனிம அட்டவணையை ஒப்பித்திருக்கிறோம். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு நன்றாகத்தான் இருந்திருக்கும். காதலர்கள் மணிக்கொரு முறை ‘சாப்டியா’ என்று கேட்க வேண்டும் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். காலை பதினோரு மணிக்குக் கேட்பான், பன்னிரண்டுக்குக் கேட்பான். “நான் என்ன மாடா?” என்று ஒருநாள் கத்தினேன். என் பிறந்தநாளுக்கு மாமல்லபுரம் கடைத்தெருவில் பெயர் எழுதிய சிப்பிச் சாவிக்கொத்து ஒன்று வாங்கி வந்தான். அதில் வேறு யாருடைய பெயரோ இருந்தது.

“உன் பேரு கடையில இல்ல. ரொம்பத் தேடினேன். இதான் முதல் எழுத்து ஒண்ணா கீது” என்றான். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவனுக்கு முகம் சுண்டிவிட்டது. அப்புறம் அவனும் சிரித்தான்.

இத்தோடு விட்டிருந்தால் இது சிரிப்புக் கதை. இரண்டு பேரும் எங்காவது ஒரு கல்யாணத்தில் பார்த்துப் பேசிச் சிரித்திருப்போம்.

தை மாதம் தலைவிக்குச் சந்தேகம் வந்தது. வேனில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்: “ரெண்டு பேரும் கையக்கூடப் பிடிக்கிறதில்ல. நெஜமாவே லவ்வா, பில்டப்பா? ஏதாவது ப்ரூஃப் காட்டுடி.”

எனக்குப் பழைய வேன் ஞாபகம் வந்துவிட்டது. மொத்த வேனும் எழுந்து நின்று வணக்கம் வைத்த அந்தக் காலை. வாயில் வந்ததைச் சொன்னேன். “அவங்க புதுப் போட்டு வாங்கியிருக்காங்க. அதுல என் பேருதான் எழுதப் போறான்.”

வேனே ‘ஓ’ என்று கத்தியது. புதுப் படகு வாங்கியது மட்டும் உண்மை. இடைவேளையில் அவன்தான் சொல்லியிருந்தான். வெள்ளைப் பெயிண்ட் அடித்து நிறுத்தியிருக்கிறார்கள், பெயர் மட்டும் பாக்கி, வீட்டில் படிக்கிறவன் நான்தான் என்பதால் நைனா என்னையே பெயர் யோசிக்கச் சொல்லியிருக்கிறார் என்று. அதை அவன் பெருமையாகச் சொன்னபோது நான் அரைக் காதில் கேட்டிருந்தேன்.

மறுநாள் விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் மாறியது. “போட்டுலயா? போட்டுல சும்மால்லாம் எழுத மாட்டாங்க.”

“பெயிண்ட்தானே? அடுத்த வாரம் அழிச்சிடு.”

எங்கள் ஊரில் பெஞ்சில் எழுதுவார்கள், ஆட்டோவுக்குப் பின்னால் எழுதுவார்கள், கற்றாழை இலையில்கூடக் கீறி வைப்பார்கள். படகும் அப்படித்தான் என்று நான் நினைத்தேன். மழையே பார்க்காத ஊர்க்காரி, படகைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அவன் மறுக்கவில்லை. திரும்பவும் நெத்திலி ஆவதற்கு அவனுக்கும் பயமாக இருந்திருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து, “எழுதியாச்சு” என்று மட்டும் சொன்னான். பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டான்.

அதற்கு அடுத்த வாரச் சனிக்கிழமை தலைவி தன் பட்டாளத்தோடு மாமல்லபுரம் வந்தாள். என்னையும் கூட்டிக்கொண்டு குப்பத்துக் கரைக்குப் போனாள். வரிசையாகப் படகுகள். நடுவில் வெள்ளையும் நீலமுமாக ஒரு புதுப் படகு. மூக்கில் மஞ்சள், குங்குமம், காய்ந்துபோன சாமந்தி மாலை. பக்கவாட்டில் என் கை நீளத்துக்கு ஒவ்வொரு எழுத்தாக என் பெயர். சிவப்பில் எழுதி, கறுப்பில் நிழல் கொடுத்திருந்தார்கள். பொய் சொல்வானேன், ஒரு நொடி எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் பெயரை யாரும் அவ்வளவு பெரிதாக எழுதியதில்லை. தலைவி என்னைப் படகோடு நிறுத்திப் போட்டோ எடுத்தாள்.

அப்போது படகுகளுக்கு இடையிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். தலையில் சும்மாடு. என்னைப் பார்த்ததும் நின்றார். எனக்கும் அடையாளம் தெரிந்தது. வாரம் மூன்று நாள் அலுமினியக் கூடையோடு எங்கள் மாடிப் படிக்கட்டில் வந்து நிற்கிற மீன்காரம்மா. கடல் மீனில் எது எது என்று தெரியாத என் அம்மாவுக்கு, செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கக் கற்றுக்கொடுத்தவர். அவர்தான் இவனுடைய அம்மா என்பது அந்த நொடி வரை எனக்குத் தெரியாது. கேட்டதில்லை.

“அடியம்மா, நம்ம மாடி வூட்டுப் பொண்ணா?” என்றார். ஈரக் கையைப் புடவையில் இரண்டு முறை துடைத்துவிட்டு என் கன்னத்தைத் தொட்டு, தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தார். “கண்ணு, நீதானா?”

தலைவியும் மற்றவர்களும் ‘ஆ’வென்று பார்த்தார்கள். நான் தேடிய ப்ரூஃப் கிடைத்துவிட்டது.

அம்மாவுக்குப் பின்னாலேயே வந்த அவன் என்னைத் தனியாக இழுத்துப்போய்ச் சொன்னான். “வூட்ல நெஜம்னு நெனச்சிகினு கீறாங்க. எங்க ஊர்ல போட்டுக்குப் பொம்பள பேரு வெச்சா அது வூட்டுப் பொண்ணு பேராத்தான் இருக்கும். அம்மா, அக்கா, பொண்டாட்டி. வூட்ல இல்லாத பேருன்னா, வரப்போற பொண்ணுன்னு அர்த்தம். நைனா ரெண்டு நாளு என்னான்ட பேசல. அப்புறம் அம்மாதான், பையன் ஆசப்பட்டுட்டான், படிச்சி முடிக்கட்டும், போய்ப் பொண்ணு கேக்கலாம்னு சொல்லி, கங்கையம்மன் கோயில்ல பூச போட்டு எறக்கிட்டாங்க.”

“அழிச்சிடலாம்ல?”

“கடல்ல எறங்கின போட்டு. நடுவுல பேர அழிச்சா ஆகாதும்பாங்க. அடுத்த பெயிண்ட்டு வரைக்கும் அப்டியேதான் கெடக்கும்.”

“அப்ப வீட்டுல உண்மையச் சொல்லு.”

“இன்னான்னு சொல்றது? பூசணிக்கா ஒடச்சி, ஊருக்கே சோறு போட்டாங்க. அது டூப்புன்னு எப்டி சொல்றது?” என்றான். பிறகு என்னைப் பார்க்காமலே, “நீ வேணா சொல்லு” என்றான்.

சொல்கிறேன் என்றேன். நான் சொல்கிறேன் என்று அவனிடம் வாக்குக் கொடுத்தேன். இதை அழுத்தி எழுதுகிறேன், ஏனென்றால் இதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த ஒவ்வொரு நாளும் அதைச் சொல்லியிருக்கக்கூடிய நாள்.

மீன்காரம்மா மாறிவிட்டார். அம்மாவை ‘யம்மா’ என்று கூப்பிட்டவர் ‘அக்கா’ என்று கூப்பிடத் தொடங்கினார். பேரம் பேசுவதில்லை. சங்கரா வாங்கினால் மேலே ஒரு கைப்பிடி இறால். கிழங்கான் வாங்கினால் இரண்டு பெரிய துண்டு வஞ்சிரம், “பொண்ணு படிக்கிற பொண்ணு, முள்ளு கம்மியா துன்னட்டும்” என்று. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. “நம்மகிட்ட அவளுக்கு ஒரு பாசம் வந்துட்டுங்க” என்று அப்பாவிடம் பெருமை அடித்தாள். நான் தட்டில் அந்த வஞ்சிரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். விழுங்க முடியாது. துப்பவும் முடியாது.

நாளைக்குச் சொல்லலாம். வியாழக்கிழமை சொல்லலாம். அவர் கூடையை இறக்கி என்னைப் பார்த்துச் சிரிக்கும்போது வாய் திறக்காது. இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் மணி பதினொன்றானால் போனைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். ‘சாப்டியா’ வரவில்லையென்றால் எரிச்சல் வந்தது. அவனுக்கும் என்னைப் பிடித்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் சட்டம் எழுதிய தாளைக் காட்டியிருப்பான்.

மாசி மாதம் குட்டு உடைந்தது. படகின் பக்கத்தில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற படத்தைத் தலைவி ஸ்டோரியில் போட்டிருந்தாள். அதை ஒரு பையனின் அம்மா பார்த்து, பெற்றோர் குரூப்புக்கு அனுப்பி, அது சுற்றிச் சுற்றி அப்பாவின் அலுவலக நண்பர் வழியாக அப்பாவிடம் வந்தது. இதற்குள் நான் இருந்த பாதியை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். படகும் என் பெயரும் மட்டும் மிச்சம். கீழே, ‘குப்பத்துப் பையன் நம் பிள்ளையின் பெயரைப் படகில் எழுதி வைத்திருக்கிறான், உஷார்’ என்று ஒரு வரி.

“ஏட்டி, யாரு அவன்? உன் பின்னால சுத்துறானா? ஏன் சொல்லல?” என்றாள் அம்மா. அவளே கேள்வியும் கேட்டு, அவளே பதிலும் வைத்திருந்தாள். எனக்கு அந்தப் பதில் வசதியாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் காலை வழக்கம்போல மீன்காரம்மா படியேறி வந்தார். படகில் பெயர் எழுதியவன் அவர் மகன்தான் என்று அம்மாவுக்கு அதற்குள் யாரோ சொல்லியிருந்தார்கள். அம்மா கதவைப் பாதிதான் திறந்தாள். என்னென்ன சொன்னாள் என்று முழுவதும் எழுத முடியாது. “மீனு விக்கிற சாக்குல பொண்ணு பாக்க வந்தியா?” என்றது ஞாபகம் இருக்கிறது. கூடை, நாற்றம், ஜாதி எல்லாம் வந்தது. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். இரண்டு அடி எடுத்து வைத்தால் வாசல்.

“பொண்ணக் கேளுக்கா. பொண்ணு கரைக்கு வந்துதுக்கா” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா கதவைச் சாத்தினாள். கூடையைத் தூக்கிவிட ஆளில்லாமல் அவர் படிக்கட்டில் கொஞ்ச நேரம் நின்றது, கதவுக்குக் கீழே தெரிந்த நிழலில் தெரிந்தது. பிறகு அவரே தூக்கிக்கொண்டு போனார்.

அப்பா பள்ளியில் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்தார். வெள்ளிக்கிழமை எல்லோரையும் வரச் சொன்னார்கள். பிரின்சிபால் அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. இந்த முனையில் நானும் அப்பாவும், அந்த முனையில் அவனும் அவன் அம்மாவும் அப்பாவும். அவன் அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார். என் அப்பாவை முதலில் உள்ளே கூப்பிட்டார்கள். அந்த இடைவெளியில் அவன் தண்ணீர் குடிக்கப் போவதுபோல என் பக்கம் வந்து, என் கையில் ஒரு மடித்த தாளைத் திணித்தான்.

“இத நீயே வெச்சிக்கோ. என்னான்ட இருந்தா செக் பண்ணுவாங்க. உன் கையெழுத்து கீது, மாட்டிக்குவ” என்றான். “நீயா சொன்னாத்தான் கரெக்ட்டு.”

ரஃப் நோட்டுத் தாள். என் எழுத்தில் ஐந்து சட்டம், இரண்டு கையெழுத்து. அது ஒன்று போதும், அவனைக் காப்பாற்ற. அதை அவன் என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான்.

பிறகு எங்கள் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார்கள். பிரின்சிபால் மேடம் அன்பாகத்தான் கேட்டார். “பயப்படாதம்மா. இந்தப் பையன் உன் சம்மதம் இல்லாம உன் பேரை எழுதினானா?”

தாள் என் கைக்குள் ஈரமாகிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். நான்தான் கெஞ்சினேன், எல்லாம் நாடகம், ஒருத்தரும் என்னைக் காதலிக்கவில்லை என்று நாளைக்கு வேனில் எல்லோருக்கும் தெரியும். மறுபடியும் எழுந்து நின்று வணக்கம் வைப்பார்கள். அம்மா என்னைத் திரும்பக் கோவில்பட்டிக்கு அனுப்புவாள். ஒரு பையனின் படிப்பு ஒரு தட்டில் இருந்தபோது மறு தட்டில் நான் வைத்தது வேன் சீட்டை. பதினாறு வயது என்று சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவனுக்கும் அதே பதினாறுதான்.

அவன் அம்மாதான் என்னைப் பார்த்துக் கேட்டார். “நீ சொல்லு கண்ணு. உனக்குத் தெரியாதா?”

“தெரியாது” என்றேன். “எனக்குத் தெரியாமத்தான் எழுதிட்டான்.”

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. என் கையைக் காட்டி, அதைத் திறந்து பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் அப்பா எழுந்து, என் அப்பாவின் முன்னால் கைகூப்பி, “வுட்டுடுங்க சார், போலீசுக்கெல்லாம் போவாதீங்க, நாங்க பையன இட்டுகினு போயிடறோம்” என்றார். அன்று மாலையே டி.சி. வாங்கிக்கொண்டு போனார்கள். அவன் போட்டிருந்த டீம் ஜெர்சியைப் பள்ளிக்குத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அதையும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனான் என்று கேள்விப்பட்டேன்.

திங்கட்கிழமை வேனில் ஏறினேன். கடைசி சீட்டில் நடு இடத்தை எனக்காக விட்டிருந்தார்கள். என்னைப் படகோடு நிறுத்திப் படம் எடுத்த அதே தலைவி, ஒன்றும் அறியாதவள்போல என் தோளில் கைபோட்டு, “பாவம்டி நீ, எவ்ளோ பயந்திருப்ப” என்றாள். அந்த வருடம் முழுவதும், அடுத்த வருடமும், அந்தப் பள்ளியில் என்னைவிடப் பிரபலமான பெண் இல்லை. அந்த சீட்டில்தான் உட்கார்ந்தேன். எழுந்து போகவில்லை.

அம்மா பிறகு வேறு ஒருவரிடம் மீன் வாங்கினாள். செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவாள். அவன் செய்யூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது முடித்தான், அப்புறம் முட்டுக்காட்டில் சுற்றுலாக்காரர்களுக்குப் படகு ஓட்டுகிறான் என்று ஆய்வகத்துத் தோழி ஒருத்தி சொன்னாள். வாலிபால் ஆடுகிறானா என்று கேட்டேன். தெரியாது என்றாள்.

ஆறு வருடம் கழித்து, போன மாசி மாதம், கேளம்பாக்கத்து அலுவலகத் தோழிகளோடு மாமல்லபுரம் போனேன். அவர்கள் கோயிலைப் பார்க்க நின்றார்கள். நான் கடலோரமாகத் தெற்கே நடந்தேன். கால் தானாகப் போனது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், நான்தான் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முதல் வாக்கியத்தைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். படகில் பெயர் இருக்காது என்று நம்பினேன். அடுத்த பெயிண்ட்டோடு போயிருக்கும்.

இருந்தது. படகு இப்போது பச்சை. பெயரைப் புதிதாக, மஞ்சளில் எழுதியிருந்தார்கள். பழைய அளவே, என் கை நீளத்துக்கு ஒவ்வொரு எழுத்து.

எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் என் பெயரைச் சொல்லி அதட்டியது. “தண்ணியாண்ட போவாதன்னு எத்தினி தபா சொல்றது?” திடுக்கிட்டுத் திரும்பினேன். குரல் எனக்கல்ல. ஐந்து வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை, கால் முழுக்க மணலோடு என்னைத் தாண்டி ஓடிவந்து படகைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அதட்டியவர் மீன்காரம்மா. அலுமினியக் கூடைக்கு முன்னால் குந்தி, அரிவாள்மணையில் மீன் நறுக்கிக்கொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது, கை நின்றுவிட்டது.

குழந்தை என்னை நிமிர்ந்து பார்த்தது. “இது என் போட்டு. என் பேரு எழுதிகீது பாரு” என்று எழுத்துக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டியது. “எனக்கோசரம் எங்க தாத்தா எழுதினாரு. எங்க மாமாதான் எனக்குப் பேரு வெச்சாரு.”

அவனுடைய அக்கா மகள். எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. வீட்டில் இல்லாத பெண்ணின் பெயர் படகில் இருக்கக்கூடாது. அதனால் அடுத்துப் பிறந்த பெண்ணுக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். நான் சொன்ன பொய்யை அந்த வீடு இப்படி உண்மையாக்கி வைத்திருக்கிறது. நானோ அன்றைக்கு ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும் என்றிருந்தும் சொல்லவில்லை. தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“உன் பேரு இன்னாக்கா?” என்றது குழந்தை.

அவன் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. அன்றைக்கு பிரின்சிபால் அறையில் கேட்டுவிட்டுக் காத்திருந்தது போலவே காத்திருந்தார். என் பெயரைச் சொன்னால் போதும். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் தானாக வந்துவிடும்.

சாவிக்கொத்தில் இருந்த பெயரைச் சொன்னேன்.

“நல்லா கீது” என்றது குழந்தை.

அவர் குனிந்து மறுபடி மீனை நறுக்க ஆரம்பித்தார். நிமிராமலே, “அந்த யம்மாவுக்கு வழி வுடு, தள்ளி நில்லு” என்று குழந்தையிடம் சொன்னார், என் பெயரைச் சொல்லி. குழந்தை நகர்ந்தது. நானும் நகர்ந்தேன்.